இருபத்திரெண்டு வேணும் மாமா

வாங்க மாப்ள, வாங்க. அந்த நாற்காலில உக்காராதிய, ஒரு கால் ஆடும். ஏற்கெனவே உங்க வீட்டு ஆளுக என்னப் பத்தி ரொம்ப நல்ல விதமாப் பேசிக்கிட்டு இருக்காவ. புது மாப்பிள்ளைய நாற்காலிலருந்து தள்ளி விட்டான்னு அதுலயும் ஒண்ணு சேந்துக்கிடும். கட்டில்ல உக்காருங்க. ஏட்டி ராஜகனி, மாப்ள வந்திருக்காவ, காப்பியப் போடு! மக்ரூன் எடுங்க மாப்ள. பயப்படாதிய, கடையில வாங்குனதுதான். உங்க அத்தை கைவச்சது இல்ல.

என்னது, அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வந்திருக்கியளா? அடடா! கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் ஆவுது. நாளைக்கு நான் கப்பலேறுதேன், ஏறினா ஒம்பது மாசத்துக்குக் கரை கிடையாது. சரியா இன்னைக்குப் பாத்து மாமனுக்குப் பசிக்குமேன்னு எல்லாருக்கும் ஞாபகம் வந்துட்டு. உங்க பொண்டாட்டி சிந்துக்குத் தெரியாமத்தான் வந்தியளா? அப்படிச் சொல்லுங்க. தெரிஞ்சிருந்தா வாசப்படியத் தாண்ட விட்டிருக்க மாட்டா.

நான் வரல்ல மாப்ள. முதல்லயே சொல்லிருதேன், பிறகு வருத்தப்படக் கூடாது. ஆனா ஏன் வரல்லங்கிறத மட்டும் கேட்டுட்டுப் போங்க. அன்னைக்கு நீங்க ஹோமப் புகையில கண்ணக் கசக்கிக்கிட்டு உக்காந்திருந்திய. பக்கத்துல நடந்தது உங்களுக்குப் பாதி கூடத் தெரியாது. மீதிய உங்க பொண்டாட்டி சொல்லியிருப்பா. அவ சொன்னா நான் ராவணன்தான், வேற என்ன?

அன்னைக்கு மண்டபத்துல உங்க பெரியம்மா ஒருத்தி, காதுல வைரத்தோடு போட்டவ, என்னக் காட்டி, ‘இவரு யாரு, சமையல்காரரா?’ன்னு கேட்டா. ஆமா தாயி, சமையல்காரன்தான்னு சொன்னேன். பொய்யா? சரக்குக் கப்பல்ல சீஃப் குக்கு. கூடவே பொண்ணுக்குத் தாய்மாமன். பேச்சியக்காவுக்கு நான் ஒரே தம்பி. சிந்து பொறந்தப்ப அவளக் கையில வாங்கின முத ஆம்பளை நான். அத்தான் இரும்புக்கடையில எடை போட்டுக்கிட்டு இருந்தாவ, சாயங்காலம்தான் வந்து பாத்தாவ. அது கெடக்கட்டும்.

கல்யாணம் நிச்சயமானப்ப நான் கப்பல்ல. சிங்கப்பூருக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கோம். சிந்துகிட்ட இருந்து செல்லுல ஒரு செய்தி வருது. ‘மாமா, எனக்குச் சீர் சேலை நகைன்னு ஒண்ணும் வேண்டாம். 22 வேணும் மாமா. இங்க எங்கயும் கெடைக்கல. நீங்க போற நாட்டுல கெடச்சா வாங்கிட்டு வாங்க.’ கீழ ஒரு புத்தகத்தோட போட்டோ. ஒரு ஆறு, ஒரு படகு, கம்பு ஊனிக்கிட்டு ஒரு சின்னப் பிள்ள. அம்புட்டுதான் செய்தி. செல்லு இந்தா இருக்கு, நீங்களே படிச்சுக்கிடுங்க. பத்திரமா வச்சிருக்கேன், கேஸுக்கு ஆவும்னு.

ராஜகனிக்குப் போன் பண்ணி, பிள்ள மங்கா கேக்கா, இருபத்திரெண்டு கேக்கான்னேன். ‘இங்க மார்க்கெட்டுல கூடை கூடையா வந்து எறங்குது, நீங்க கப்பல்லருந்தா சுமந்துட்டு வரப் போறிய?’ன்னு கேட்டா. அவளச் சொல்லிக் குத்தமில்ல. மதுரை ஏர்போர்ட்டுல அந்த அதிகாரியும் அப்படித்தான். பெட்டியில என்னன்னான், மங்கான்னேன். காய்கனி கொண்டு வந்தா எழுதிக் குடுக்கணும் தெரியுமாங்கான். ஜப்பான்காரன் படக்கதைக்கு அதுதான் பேருன்னு விளங்க வைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை வத்திட்டு.

சரி, நம்ம பிள்ள ஆசப்பட்டுக் கேட்டுட்டா. புத்தகம்தானே, தோணியா கேட்டான்னு எறங்குனேன். மாப்ள, இந்தப் புத்தகத்த வாங்கி முடிக்கிறதுக்கு ஒரு தோணியவே வாங்கியிருக்கலாம்.

சிங்கப்பூர்ல எறங்கிப் போனா, ஒரு கடையில சுவர் முழுக்க அதுதான். எல்லாம் கண்ணாடித் தாள்ல சுத்தி, சீல் வச்சு, ஆஸ்பத்திரி ஊசி மாதிரி வச்சிருக்கான். பிரிச்சுப் பாக்க முடியாது. வெலயக் கேட்டா, பிரிச்சுப் பாக்க வேண்டாம்னு நமக்கே தோணிரும். நாலு வாங்கினேன். அதுக்கு மேல வாங்கினா ஊருக்கு நீந்தித்தான் வரணும்.

துபாய்ல இன்னும் மோசம். ஜெபல் அலி துறைமுகத்துலருந்து டாக்ஸி பிடிச்சு ஒரு மாலுக்குப் போனேன். டாக்ஸிக்குக் குடுத்ததே ஒரு புத்தகக் காசு. கடையில நின்னது ஒரு மலையாளிப் பொண்ணு. ‘சேட்டா, இது அமெரிக்காவில இருந்து விமானத்துல வருது’ன்னு சொல்லிச்சு. விமானத்துல வந்தா? பைலட்டு சம்பளத்தயும் என் தலையிலயா கட்டணும்? அந்த வெலைக்கு எங்க மெஸ்ல அத்தன பேருக்கும் மட்டன் பிரியாணி போட்டு, ரைத்தாவும் வச்சிருப்பேன். இருந்தாலும் ஒண்ணு வாங்கினேன். பொண்ணு நம்மள ஏழைன்னு நெனச்சுரக் கூடாதுல்லா.

நம்ம ஊரு மட்டும் ஒழுங்கா? சென்னையில எனக்கு ஒரு கூட்டாளி இருக்கான், அவன அனுப்பினேன். நம்ம நாட்டுக்குன்னு வெலயக் கொறச்சுத்தான் போடுதான், அது வாஸ்தவம். ஆனா கடையில ஒண்ணு இருக்கும், ரெண்டு இருக்கும், அப்புறம் ஏழு இருக்கும். மூணு எங்கடேன்னு கேட்டா, ‘மூணு வராது சார்’ங்கானாம். ஏன் வராது? மூணு என்ன கோவிச்சுக்கிட்டு மாமியார் வீட்டுக்கா போயிட்டு? பஸ்ஸ்டாண்டு பிளாட்பாரத்துல ஒருத்தன் எல்லா நம்பரும் வச்சிருந்தானாம். தொட்டா கையெல்லாம் கருமை, நடுவுல பத்துப் பக்கம் வெள்ளையா இருக்கு. திருட்டு அச்சு. தாய்மாமன் சீருக்குத் திருட்டு மாலா? வேண்டாம்டேன்னுட்டேன். அந்த ஒண்ணு, ரெண்டு, ஏழ மட்டும் வாங்கி வீட்டுல குடுன்னு சொன்னேன்.

மலேசியாவுலதான் எனக்கு மூளை வேல செஞ்சுது. போர்ட் கிளாங்ல ஒரு தமிழ் ஆளோட கடை. அடுக்கி வச்சிருக்கான், சிங்கப்பூர் வெலையில பாதி கூட இல்ல. ஏன் இவ்வளவு மலிவுன்னு கேட்டேன். ‘அண்ணே, இது மலாய்லா, உங்களுக்குப் படிக்க வராது’ன்னான். யோவ், படம் என்ன மலாய்லயா வரஞ்சிருக்கான்னு கேட்டேன். ஏழு புத்தகத்த அள்ளிக்கிட்டு வந்தேன். அப்புறம் மார்சேய். மாப்ள, பிரான்சுல போய்ப் பாக்கணும் நீங்க. கெழவன், கெழவி, போலீஸ்காரன் எல்லாவனும் நின்னுக்கிட்டு அதத்தான் படிக்கான். நம்ம ஊருல நாளிதழ் படிக்க மாதிரி. பழைய புத்தகக் கடையில ஆறு கெடச்சுது, எல்லாம் பிரெஞ்சு. நாலு பிள்ளைங்க ஒரு வீட்டுல பொறந்தா நாலு நெறமா இருக்கிறதில்லியா? அந்த மாதிரி, ஒண்ணு இங்கிலீஷ், ஒண்ணு மலாய், ஒண்ணு பிரெஞ்சு. கதை ஒண்ணுதானே?

எண்ணிப் பாத்தா இருபத்தொண்ணு தேறிட்டு. கடைசிப் புத்தகம் மட்டும் எங்கயும் கெடைக்கல. இப்பத்தான் அச்சாவுது, அமெரிக்காவத் தாண்டி இன்னும் வரல்லங்கான் ஒவ்வொருத்தனும். விடுவேனா? யோகோஹாமாவுல கப்பல் நின்னுச்சு. ஜப்பான்காரன் ஊர்லயே போய்க் கேட்டேன். அங்க ஒரு பழைய புத்தகக் கடை. அம்மாடி, நம்ம டீக்கடையில டீ குடிக்கிற காசுக்குப் புத்தகம்! பொறந்த வீட்டுலதான் அதுக்கு மதிப்பில்ல போல. மேலுறை இல்லாம, ரெண்டு பக்கமும் மொட்டை அட்டையா ஒரு காப்பி இருந்துச்சு. அது அதவிட மலிவு. ஆனா எழுத்து ஜப்பான் எழுத்து. இருந்தா என்ன, இருபத்திரெண்டு ஆச்சுல்லா? முடிஞ்சுது சோலி.

நான் இதுல ஒரு வரி கூடப் படிக்கல, தெரிஞ்சுக்கிடுங்க. எனக்கு வேற வேல இல்லையா? சும்மா தாளப் பொரட்டிப் பாத்தேன், அச்சு சரியா இருக்கான்னு. ஒரு ஆத்துல படகு ஓட்டுதா ஒரு அனாதப் பிள்ள. பொழுது சாய்ஞ்சா ஒத்தக்கண்ணன் ஒருத்தன் வந்து ஏறுவான். எங்க போவணும்னு சொல்ல மாட்டான். துட்டுக்குப் பதிலா மீனக் குடுப்பான். அவன் யாரு, எதுக்கு வாரான்னு அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அஞ்சாவது புத்தகத்துல ஆத்துல வெள்ளம் வருது. பாதகத்தி அப்பவும் படக எடுக்கா! வேண்டாம்டீன்னு நான் மெஸ்ல கத்திட்டேன். அன்னைக்கு சோறு அடிபிடிச்சுட்டு, கேப்டன் ஒரு மாதிரியாப் பாத்தான். மலாய்ப் புத்தகத்த எல்லாம் எங்க கப்பல் இந்தோனேசியாக்காரன் ஒருத்தன் படிச்சுச் சொல்லுவான். அவனுக்குன்னு தனியா மீன் வறுத்துக் குடுத்து வழிக்குக் கொண்டு வந்தேன். பத்தாவது புத்தகத்துல அந்தப் பிள்ள, ‘நீ எனக்கு யாரு?’ன்னு ஒத்தக்கண்ணன்கிட்ட கேக்கா. மீன வச்சுட்டு எறங்கிப் போயிட்டான். கல்நெஞ்சக்காரன். எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. பிரெஞ்சுல இருந்தத எல்லாம் நானே படத்தப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன். மத்தபடி எனக்கு இந்தச் சின்னப்பிள்ளத்தனம் எல்லாம் பிடிக்காது.

இப்பம் சீருக்கு வாரேன். ஊரு வந்து பாத்தா ஒரு சிக்கல். இருபத்திரெண்டு புத்தகம்னா இருபத்திரெண்டு தட்டு. எந்தத் தாய்மாமன் ரெட்டைப்படையில சீர்த் தட்டு எடுத்துட்டுப் போயிருக்கான்? பதினொண்ணு, இருபத்தொண்ணு, அம்பத்தொண்ணு. அதுதானே மொறை? உங்க கோவில்பட்டியில எப்படியோ, எங்க தூத்துக்குடியில அதுதான். அபசகுனமா நான் ஒண்ணு செஞ்சு, நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் தலவலி வந்தாக்கூட யாரச் சொல்லுவாவ? என்னத்தான். அதனால ஒண்ண எடுத்துருவோம்னு முடிவு பண்ணினேன். எத எடுக்க? யாருக்கும் புரியாத எழுத்து, மொட்டை அட்டை, சபையில வைக்கவே லாயக்கில்ல. அந்த ஜப்பான் புத்தகத்தத் தூக்கிப் பீரோவுல வச்சுட்டேன். எவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்கேன் பாருங்க! பட்டுச்சேலையும் மோதிரமும் தனியா எடுத்தேன். அத இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லலியே.

மேளத்தோட வந்தோம். இருபத்தோரு பொம்பளைங்க, இருபத்தோரு தட்டு. ஒவ்வொரு தட்டுலயும் ஒரு புத்தகம், வெத்தல பாக்கு, மஞ்சக்கெழங்கு, ஒரு ஆப்பிள். உங்க வைரத்தோட்டுப் பெரியம்மா எட்டிப் பாத்துட்டு, ‘பொண்ணு இன்னும் பரீட்ச எழுதணுமோ?’ன்னா. சபையே சிரிச்சுது. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். நம்ம பிள்ள சிரிச்சா போதும், ஊரு எப்படியும் சிரிக்கட்டும்னு.

பிள்ள வந்தா. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. தட்டு தட்டாப் பாத்துக்கிட்டே வாரா. மொத தட்டுல சிரிச்சா. ரெண்டு மூணு தாண்டினதும் அந்தச் சிரிப்பு அப்படியே நிக்கு, கண்ணு மட்டும் எதையோ தேடுது. கடைசித் தட்டு வந்ததும் என் கையப் பிடிச்சு, மெதுவா, ‘மாமா, இருபத்திரெண்டு எங்க?’ன்னா. நான், ரெட்டைப்படை ஆவாதும்மா, அத மட்டும் வீட்டுல வச்சுட்டேன்னு சொன்னேன். அவ மொகத்தப் பாக்கணுமே. ‘மாமா, ஒண்ணுலருந்து இருபத்தொண்ணு வரைக்கும் என்கிட்ட இருக்கு. சம்பளம் வாங்க ஆரம்பிச்சதுலருந்து ஒவ்வொண்ணா நானே வாங்கிட்டேன். நான் கேட்டது அந்தக் கடைசி ஒண்ணத்தான்’ங்கா.

கேட்டியளா கதைய? நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. இருபத்திரெண்டு வேணும்னா என்ன அர்த்தம்? கடையில போய் வாழப்பழம் இருபத்திரெண்டு வேணும்னா, இருபத்தொண்ண விட்டுட்டு இருபத்திரெண்டாவது பழத்த மட்டும் பிச்சா குடுப்பான்? ஒரு ‘ஆவது’ போட்டு எழுதுறதுக்கு விரல் வலிக்குதாக்கும்? இருபத்திரெண்டாவது வேணும்னு எழுதியிருந்தா, யோகோஹாமாவுல ஒரு டீக் காசோட என் சோலி முடிஞ்சிருக்கும். இங்கிலீஷ்ல எம்.ஏ. படிச்சிருக்கா, தமிழ்ல ஒரு ‘ஆவது’ போடத் தெரியல. அத யாரும் கேக்க மாட்டாவ. மாமன் புத்திகெட்டவன்னு முடிச்சுட்டாவ.

சரி, அது போவட்டும்னு வைங்க. பிள்ள கண்ணுல தண்ணி கோத்துட்டு. அவ அழுதா எனக்குப் பொறுக்காது மாப்ள. அஞ்சு வயசுல பல்லு விழுந்ததுக்கு அழுதா, அன்னைக்கும் எனக்குப் பொறுக்கல. கல்யாண அலங்காரத்துல, மை கரைய நிக்கா. ஏதாவது சொல்லித் தேத்தணும்லா? அழாதம்மா, அது ஜப்பான் எழுத்து, இருந்தாலும் உனக்குப் புரியாது, மாமன் படத்தப் பாத்துட்டேன், முடிவச் சொல்லிருதேன் கேளுன்னு சொன்னேன். ‘வேண்டாம் மாமா, சொல்லாதீங்க மாமா’ன்னு காதப் பொத்துதா. சங்கடப்படுதா, மாமனுக்கு எதுக்குச் சிரமம்னு. நான் கையத் தள்ளி விட்டுட்டு நல்லாக் கேக்கும்படி சொன்னேன். ‘ரெண்டு பேரும் மொதல்ல நல்லாத்தான் இருப்பாவ. அப்புறம் சண்ட வந்துரும். ஒத்தக்கண்ணன் படகுல ஏறி ஒத்தையாப் போயிருவான். திரும்பி வரவே மாட்டான். அம்புட்டுதான், இதுக்குப் போயா அழுவ?’

அதுவரைக்கும் கண்ணு மட்டும்தான் கலங்கியிருந்துச்சு. அதுக்கப்புறம் பிள்ள ஓன்னு அலறிட்டா.

மேளம் நின்னு போச்சு. உங்க ஆளுக எல்லாம் எந்திரிச்சுட்டாவ. பொண்ணுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லையோன்னு உங்க அப்பா அத்தானத் தனியாக் கூப்பிட்டுக் கேக்காவ. அத்தானுக்கு வேர்த்துக் கொட்டுது. நேரா என்கிட்ட வந்து, அத்தன சனத்துக்கு முன்னால, ‘கல்யாண வீட்டுல வந்து பிள்ளகிட்ட என்ன எழவடா சொன்ன?’ன்னு ஒரு சத்தம். எழவு! பிள்ள மணவறையில இருக்கா, அத்தான் வாயில வருத வார்த்தையப் பாருங்க. நான் முடிவச் சொன்னேன் அத்தான்னு சொன்னேன். ‘உன் முடிவத்தான் முதல்ல பாக்கணும்’னாவ. சனம் சிரிச்சுது. நான் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு எறங்கி வந்துட்டேன்.

கை நனைக்காம வந்தேன் மாப்ள. தாய்மாமன், சொந்த மருமக கல்யாணத்துல, பச்சத் தண்ணி குடிக்காம வந்தேன். பந்தியில சாம்பார் வாசன வாசல் வரைக்கும் வருது, உப்புக் கொறச்சல்னு வாசனையிலயே தெரியுது. திரும்பிப் பாக்காம நடந்தேன். பின்னாலேயே யாராவது ஓடி வருவாவன்னு தெருமுனை வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன். வந்தாவளா?

அக்கா அன்னைக்கே போன் பண்ணத்தான் செஞ்சா. நான் எடுக்கல. எடுக்கலன்னா, நேர்ல வந்து கூப்பிட வேண்டாமா? அத்தான் நேர்ல வந்தாவ, சரி. வந்து கதவத் தட்டினாவ. நான் கொல்லப்பக்கமா வெளியே போயிட்டேன். வீட்டுல ஆளு இல்லன்னா காத்திருக்க வேண்டாமா? கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, ராஜகனி போட்ட காப்பியக் குடிச்சுட்டு, எந்திரிச்சுப் போயிட்டாவ. இதான் மரியாத. சிந்து ஒரு வார்த்த பேசல. நானும் பேசல. நான் எதுக்குப் பேசணும்? உலகத்தச் சுத்திச் சொமந்துட்டு வந்தவன் நான்.

என்ன மாப்ள சொல்லுதிய? அந்தப் புத்தகத்த அவ இன்னும் படிக்கலியா? இப்பம் இங்கிலீஷ்ல வந்துட்டுதா? சென்னையிலயே கெடைக்குதா? கையில எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப வச்சுட்டாளா? முடிவு தெரிஞ்ச பிறகு எதுக்குன்னு சொன்னாளா? ஆறு வருசமா ஒவ்வொண்ணாச் சேத்து வச்சவ…

சரி. ஏட்டி ராஜகனி, பீரோவுல சேலைக்கு அடியில அந்த ஜப்பான் புத்தகம் இருக்கு பாரு, எடுத்துட்டு வா. இந்தாங்க மாப்ள. இதக் கொண்டு போய் அவகிட்டக் குடுத்துருங்க. கேட்டதக் குடுத்தாச்சு. எனக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்ல. நான் வரல்ல.

எதுக்குத் திருப்பி வச்சுப் பிடிக்கிய? அது பின்னட்டை மாப்ள. இந்தப் பக்கம்தான் ஆரம்பம். என்ன சிரிக்கிய?

பின்னாலருந்து படிக்கணுமா? யாருகிட்டச் சொல்லுதிய? அது எனக்குத் தெரியாதா? இங்கிலீஷ் புத்தகத்துல மொதப் பக்கத்துலயே, ‘நில்லு, இது கடைசிப் பக்கம், அந்தப் பக்கமாப் போ’ன்னு கொட்ட எழுத்துல திட்டி வச்சிருக்கான். அந்தப்படிதான் இருபத்தொண்ணையும் பாத்தேன். ஆனா அது அடுத்தவனுக்காக அச்சடிச்சது. அவன் மொழியிலருந்து நம்ம மொழிக்கு மாத்தும்போது தலகீழாப் போயிருக்கும். இது அவனோட சொந்தப் புத்தகம், சொந்த எழுத்து. சொந்த வீட்டுல எவனாவது தலகீழா நடப்பானா? இதுல அப்படி எச்சரிக்க ஒண்ணும் போடலியே! அதனால நேராத்தான் பாத்தேன்.

வலமிருந்து இடமாப் பாக்குறதுதான் அவனுக்கு நேரா? அதனாலதான் எச்சரிக்க போடலியா?

இருங்க. இருங்க மாப்ள, வேகமாத் திருப்பாதிய. அந்தக் கடைசிப் பக்கத்த… சரி, மொதப் பக்கம்னே வைங்க. அதக் காட்டுங்க. ஆறு மட்டும் இருக்கு. தூரத்துல ஒரு புள்ளி. அடுத்தது. புள்ளி படகாவுது. ஒத்தக்கண்ணன் ஒத்தையாத் துடுப்புப் போட்டு… வாரான். கரையப் பாத்துத்தான் வாரான். மொகம் நமக்கு நேரா இருக்குல்லா. நான் இத எப்படிப் பாத்தேன்? பின்னோக்கிப் போறான்னுல்லா நெனச்சேன். திருப்புங்க. கரையில இவ நிக்கா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு. எறங்கிட்டான். சண்ட. நல்லாக் கேக்கா அவன. கேக்கட்டும், கேக்கணும். கம்ப எடுத்து எறியுதா. அவன் அப்படியே நிக்கான், போகல. திருப்புங்க மாப்ள, என்ன யோசன? அடுப்பு பத்த வைக்கா. கிண்ணம் நெறைய சோறு. அடுத்த பக்கம் பாதிச் சோறு. அடுத்தது காலி. நான் பாத்தப்ப காலிக் கிண்ணம் பாதியாச்சு, பாதிக் கிண்ணம் நெறஞ்சுது. முப்பது வருசமா சோறாக்குதேன், அது எப்படிடா ரொம்புதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். ஜப்பான்காரன் ரெண்டாம் தடவ வாங்கித் திங்கான் போலன்னு விட்டுட்டேன்.

கடைசிப் பக்கம். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, வாய் நெறைய சோத்தோட சிரிக்காவ.

அப்பம் அவன் போகல. வந்தவனத்தான் நான் போயிட்டான்னு சொல்லியிருக்கேன். மணவறையில வச்சு, பிள்ள காதுல, நல்லாக் கேக்கும்படி.

ஏட்டி, நீ எதுக்கு அடுக்களையில நின்னு சிரிக்க? எல்லாந் தெரிஞ்சவ மாதிரி! இதுல என் தப்பு என்ன இருக்கு? புத்தகத்தத் தலகீழா அச்சடிச்சவன் ஜப்பான்காரன். ‘ஆவது’ போடாதவ உன் மருமக. கெட்ட பேரு மட்டும் இந்தச் செண்பகராஜுக்கு. அத நான் யாரு முன்னாலயும் சொல்லுவேன், எனக்கென்ன பயமா?

மாப்ள, நீங்க அவகிட்ட ஒண்ணும் சொல்லீராதிய. ஒரு வார்த்த கூடாது. முடிவ அவளே இங்கிலீஷ்ல வாங்கிப் படிக்கட்டும். மாமன் படிக்கத் தெரியாதவன், அவன் சொன்னது செல்லாதுன்னு மட்டும் நான் சொல்லிக்கிடுதேன். அதுக்கு மேல இந்தத் தடவ வாயத் தொறக்க மாட்டேன்.

ராஜகனி, அந்த வெள்ளச் சட்டைய எடு. இஸ்திரி போட்டது இல்லன்னா போடாததையே எடு. நான் ஒண்ணும் சமாதானத்துக்கு வரல்ல மாப்ள, தெரிஞ்சுக்கிடுங்க. பசிக்கு, அதனால வாரேன். அக்காவுக்குப் போன் போடுங்க. என் எலய அத்தான் பக்கத்துல போட வேண்டாம்னு சொல்லுங்க. சிந்து எலைக்குப் பக்கத்துல போடச் சொல்லுங்க.